'ப்ளடி' என்றால் கோபித்துக்கொள்ள வேண்டுமா?

ஆஸ்திரேலியாவில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். அங்கே மேலாளர்களே 'ப்ளடி' என்று பேசுவார்களாமே, அது வசவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. மெல்பர்னில் என் முதல் வாரம். நான் முடித்துக் கொடுத்த கணக்கைப் புரட்டிவிட்டு மேலாளர் "ப்ளடி குட்" என்றார். எனக்குக் காது சுட்டது. எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் 'ப்ளடி' என்று ஆரம்பித்தால் அடுத்து 'ஃபூல்' வரும், அதற்கடுத்துப் பிரம்பு வரும். பக்கத்து மேசைக்காரர் தோளில் தட்டிய பிறகுதான் அது பாராட்டு என்றே புரிந்தது. அங்கே அது 'ரொம்ப' என்பதுபோல ஓர் அழுத்தம், அவ்வளவுதான். அமெரிக்கர் காதில் அது வசவாகவே ஏறாது.

பிரிட்டன் கதை வேறு. 1914இல் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் லண்டனில் மேடையேறியபோது கதாநாயகி எலிசா வாயிலிருந்து இந்தச் சொல் வந்ததே பெரிய பரபரப்பு. 2006இல் ஆஸ்திரேலியச் சுற்றுலாத் துறை, 'எல்லாம் தயார், எங்கேதான் போய்த் தொலைந்தீர்கள்?' என்ற தொனியில் 'ப்ளடி ஹெல்' சேர்த்து விளம்பரம் செய்தது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அந்தச் சொல்லுக்கு முதலில் தடை, பிறகு அனுமதி. மறு ஆண்டு சாலையோரப் பலகைகளை அகற்றச் சொன்னார்கள். கப்பலேறிப் போன சொல்லைப் பிறந்த வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்!

உங்களுக்குச் சிக்கல் வந்தால் 'பாஸ்டர்ட்' என்ற சொல்லால்தான் வரும். ஆஸ்திரேலியர் நண்பனுக்காகப் பரிதாபப்படும்போதும் அதைத்தான் சொல்வார். நமக்கோ அது தாயை இழுக்கும் பேச்சு. 2008 சிட்னி கிரிக்கெட் டெஸ்டில் ஆஸ்திரேலிய வீரர் பிராட் ஹாக் அப்படிச் சொன்னதாக இந்திய அணி புகார் கொடுத்தது; பிறகு அணித்தலைவர் கும்ப்ளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே டெஸ்டில் ஹர்பஜன் சைமண்ட்ஸை இனவெறியோடு ஏசினார் என்று கிளம்பிய தகராறில் இந்தப் புகார் அமுங்கிப்போனது. எனக்கு இதுதான் சுவையான வழக்கு.

காதில் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் ஆறு மாதம் நீங்கள் சொல்லிப் பார்க்க வேண்டாம். தொனி பிசகினால் அதே சொல் அங்கேயும் வசவுதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த ஆங்கிலேய நண்பர் என் மகனின் கன்னத்தைத் தட்டி "லிட்டில் ராஸ்கல்" என்று கொஞ்சினார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "குழந்தையைத் திட்டுகிறார், நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாயே!" அங்கே அது செல்லப் பேச்சு என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். இன்றும் அந்த நண்பர் பேச்சு வந்தால், "யார், அந்த வாய்க்கொழுப்புக்காரரா?" என்றுதான் கேட்கிறார்.