வேலியும் நகரமும் ஒரே சொல்லா?

வணக்கம். ஜெர்மன் மொழியில் வேலியைக் குறிக்கும் ‘த்ஸவுன்’, ஆங்கிலத்தின் ‘டவுன்’ இரண்டும் ஒரே சொல் என்று ஆசிரியர் சொன்னதை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் நம்புங்கள், அவர் சொன்னது சரி.

மூலம், ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, ஐஸ்லாந்து மொழிகளுக்கெல்லாம் தாயான முதல் ஜெர்மானிய மொழியின் ‘டூனன்’. இந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்கவில்லை. வழிவந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது. உங்கள் அகராதியில் அதன் முன்னால் நட்சத்திரக் குறி இருப்பது இதனால்தான்.

முதலில் ஒலியைப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலம் காத்துக்கொண்ட ‘ட்’, ஜெர்மனில் ‘த்ஸ்’ ஆகிவிட்டது. டென் – த்ஸேன் (பத்து), டங் – த்ஸுங்க (நாக்கு), டூ – த்ஸ்வை (இரண்டு). வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஐயம் தீரும்.

பொருள் நகர்ந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மன் வேலியோடு நின்றுவிட்டது. டச்சு மொழியில் வேலிக்குள் இருக்கும் தோட்டம். ஐஸ்லாந்தில் ‘டூன்’ என்பது பண்ணைவீட்டை ஒட்டிய வைக்கோல்புல் வயல். பழைய ஆங்கிலத்தில் அடைப்பு, பண்ணை, சிற்றூர் என்று வளர்ந்து பிறகு நகரமானது. பிரைட்டன், வாஷிங்டன் பெயர்களின் கடைசி அசையும் இதுவே.

செல்திய மொழிகளிலும் (ஐரிஷும் பண்டைய பிரான்சில் பேசப்பட்ட மொழியும் இக்குடும்பம்) இதற்கு உறவு உண்டு: கோட்டையைக் குறிக்கும் ஐரிஷ் ‘டூன்’. பிரான்சின் லியோன் நகரத்தின் பழைய பெயரான ‘லுக்டூனும்’ என்பதன் பின்பாதியும் அந்தக் கோட்டைதான். முதல் ஜெர்மானிய மொழி பேசியோர் செல்தியரிடமிருந்தே இச்சொல்லைப் பெற்றனர் என்பது பல அறிஞர்களின் கருத்து.