ஸ்பானிய மொழியின் பழைய வினைவடிவங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஸ்பெயின் நாட்டுச் சட்டப் பிரிவு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அதில் வரும் 'மாத்தாரே' என்ற வினை எந்த வாய்பாட்டிலும் கிடைக்கவில்லை. அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை. 1995-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு 'எல் கே மாத்தாரே அ ஓத்ரோ' என்றுதான் தொடங்குகிறது. 'ஒருவர் மற்றொருவரைக் கொல்வாராயின்' என்று எழுதுங்கள். இனி நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற செயலுக்கென்றே இருந்த தனி வடிவம் அது. பேச்சில் அதன் இடத்தை நிகழ்கால வடிவங்கள் பிடித்துக்கொண்டன. சட்டம் மட்டும் கைவிடவில்லை. நம் அரசாணைகளில் 'நேரின்', 'கருதின்' வருவதைப் போல. பக்கத்து வீடான போர்ச்சுகீசியத்திலோ சிறு பிள்ளைகூட இதை அன்றாடம் பேசுகிறது!

கேள்வி: ஸ்பானியப் பேச்சில் துளியும் மிச்சமில்லையா?

பதில்: பழமொழியில் இருக்கிறது. 'தோந்தே ஃபுவேரெஸ், அஸ் லோ கே வியேரெஸ்': போகிற ஊரில் எதைக் காண்கிறாயோ அதையே செய். 'ஃபுவேரெஸ்', 'வியேரெஸ்' இரண்டுமே அந்தப் பழைய வடிவம்தான். அவற்றை எடுத்துவிட்டு இன்றைய 'வாயாஸ்', 'வேயாஸ்' போட்டுச் சொல்லிப் பாருங்கள், இயைபு குலைந்துவிடும். ஓசைதான் அவற்றைக் காப்பாற்றியது என்பேன்.

கேள்வி: இடைக்கால நூலில் 'தார் தே ஏ' என்று மூன்று துண்டாக வருகிறதே?

பதில்: நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். 'தார்' என்றால் தர, 'தே' என்றால் உனக்கு, 'ஏ' என்றால் என்னிடம் உண்டு. சேர்த்தால் 'உனக்குத் தருவேன்'. இன்று 'தே தரே' என்கிறார்கள். தனி வினையாக நின்ற அந்த 'ஏ' இப்போது விகுதியாக ஒட்டிக்கொண்டது. நடுவில் 'தே' நுழைய முடிந்த காலத்தில் அந்த ஒட்டு இன்னும் இறுகவில்லை.

கேள்வி: அண்ணா, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் என்னோடு வேலை செய்யும் பெரியவர் 'த்ராஹே' என்பதை 'த்ரூஹே' என்கிறார், 'வி' என்பதை 'வீதே' என்கிறார். திருத்தலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 'கொண்டுவந்தேன்', 'கண்டேன்' என்பதற்கு, 'தோன் கிஹோத்தே' நாவலை எழுதிய செர்வாந்தெஸ் காலத்து ஸ்பெயினில் புழங்கிய வடிவங்கள் அவை. 1598-இல் நியூ மெக்சிகோவில் ஸ்பானியர் குடியேறியபோது அந்தப் பேச்சும் உடன் போனது. 'வீதே'யில் கேட்கும் 'த' இலத்தீனிலிருந்து உதிராமல் வந்த ஓசை. தேர்வுத்தாளில் நீங்கள் எழுதினால் மதிப்பெண் போகும், அது வேறு. அவருடைய பாட்டி வேறு என்னென்ன சொல்வார் என்று கேட்டு, இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள் தம்பி.