தினமும் பாட்டு கேக்க எது நல்லது: ஹெட்ஃபோனா, இயர்பட்ஸா, இல்ல தனி மியூசிக் பிளேயரே வாங்கிடணுமா?

நீங்க கேட்ட இந்த கேள்வில மூணு விஷயம் கலந்து கெடக்கு. உங்களுக்கு பஸ்லயும் கேக்கணும் வீட்லயும் கேக்கணும். இப்ப வச்சிருக்கற ஒயர் இயர்போன்ல பேஸே, அதாவது கனமான கீழ் சத்தமே வரல. இதுல உங்க ஃப்ரெண்டு ஒருத்தர் வேற "போன்ல கேக்கறதெல்லாம் வேஸ்ட், தனி பிளேயரும் டாக்கும் வாங்கு"ன்னு கெளப்பி விட்டுட்டார் (டாக்குன்னா DAC, டிஜிட்டல் பாட்ட இயர்போனுக்கான சிக்னலா மாத்தறது). நான் ஆடியோ இன்ஜினியர்லாம் கெடையாது, பதினஞ்சு வருஷமா காதுல எதையாவது மாட்டிக்கிட்டே திரியற ஆள், அதுல கொஞ்சம் காசு தண்டமும் பண்ணிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

மொதல்ல அந்த பேஸ் இல்லாத இயர்போனுக்கு வருவோம், ஏன்னா எனக்கும் அச்சு அசலா இதேதான் நடந்துச்சு. எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொன்ன ஒரு இன்-இயர் (காதுக்குள்ள சொருகற இயர்போன்), ஆசையா வாங்கி மாட்டினா தகர டப்பாக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு. மிருதங்கத்துல தொப்பி பக்கம் தட்டினா "கும்"னு வயித்துல எறங்கணும்ல, எனக்கு "டப் டப்"னு அட்டைப்பெட்டில தட்ற சத்தம்தான் வந்துச்சு. ரிவ்யூ போட்டவனையெல்லாம் மனசுக்குள்ள திட்டிட்டு டிராயர்ல தூக்கிப் போட்டேன், எட்டு மாசம் அங்கயே கெடந்துச்சு. ஒருநாள் என் தங்கச்சி அவ இயர்போன் அறுந்துபோச்சுன்னு இத எடுத்து மாட்டிக்கிட்டு தலைய ஆட்டிட்டு இருக்கா. "அது டப்பா பீஸு, எப்டி கேக்கற"ன்னேன். "செமயா இருக்கேண்ணா, இந்த ரப்பர நீ மாத்தவே இல்லியா?"ன்னு கேட்டா பாருங்க. பெட்டில கூட வந்த குட்டி சைஸ் டிப்ப அவ காதுக்கு மாத்தி போட்ருக்கா, அவ்ளோதான் விஷயம். நான் கம்பெனில மாட்டி அனுப்பின மீடியத்தோடயே எட்டு மாசம் சண்ட போட்டுட்டு இருந்திருக்கேன். அப்பறம் உக்காந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தா எனக்கு எடது காதுக்கு லார்ஜு, வலது காதுக்கு மீடியம். ரெண்டு காதும் ஒரே சைஸா இருக்கும்னு நானாவே நெனச்சுக்கிட்டது என் தப்புதான்.

காரணம் ரொம்ப சிம்பிள். இன்-இயர்ல இருக்கற டிரைவர், அதாவது சத்தம் குடுக்கற குட்டி ஸ்பீக்கர், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், அது காதுக்குள்ள அடைபட்ட கொஞ்சூண்டு காத்த முன்னாடி பின்னாடி தள்ளித்தான் பேஸ் வர வைக்குது. டிப்புக்கும் காதுக்கும் நடுவுல சின்ன சந்து இருந்தாலும் அந்த அழுத்தம் வெளிய போயிடும், கீழ் சுருதி சத்தம்தான் மொதல்ல காணாம போகும், மேல இருக்கற கீச்சு சத்தம் அப்டியே நிக்கும், அதான் தகர டப்பா எஃபெக்ட். இப்பவே டெஸ்ட் பண்ணலாம்: பாட்டு ஓடும்போது ரெண்டு இயர்போனையும் விரலால லேசா உள்பக்கம் அழுத்துங்க. சட்டுனு பேஸ் ஏறுச்சுன்னா உங்க இயர்போன் மேல தப்பே இல்ல, டிப்பு சரியா அடைக்கல. மாட்டும்போது இன்னொரு கையால காது மடல மேலயும் பின்னாடியும் லேசா இழுத்துட்டு மாட்டினா ஒழுங்கா போய் உக்காரும். எந்த சிலிக்கான் டிப்பும் செட் ஆகலன்னா ஃபோம் டிப் வாங்குங்க, விரல்ல உருட்டி நசுக்கி உள்ள விட்டுட்டு அது விரியற வரைக்கும் ஒரு அரை நிமிஷம் புடிச்சிருக்கணும். ஆனா அது சில மாசத்துல பிஞ்சிடும், மாத்திட்டே இருக்கணும். காத முழுசா மூடற ஓவர்-இயர் ஹெட்ஃபோன்லயும் இதே கததான், கண்ணாடி போடறவங்களுக்கு அந்த ஃப்ரேம் கம்பி குஷனுக்கு அடில பூந்து சந்து விட்டுடும். ஒரே ஹெட்ஃபோன ஒருத்தர் பேஸ் அதிகம்னும் இன்னொருத்தர் பேஸே இல்லன்னும் சொல்றதுக்கு பாதி காரணம் இதான்னு நான் நெனைக்கறேன்.

அதனால எத வாங்கறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி எங்க உக்காந்து கேக்கப் போறீங்கன்னு யோசிங்க. பஸ், ட்ரெயின்னா காத நல்லா அடைக்கற இன்-இயர், இல்லன்னா நாய்ஸ் கேன்சலிங் இருக்கறது. இந்த நாய்ஸ் கேன்சலிங் பத்தி ஒரு தப்பான நெனப்பு இருக்கு, மாட்டினா உலகமே அமைதியாயிடும்னு. அப்டியில்ல. அதுல இருக்கற மைக் வெளி சத்தத்த எடுத்து அதுக்கு நேர் எதிரான அலைய உள்ள விடுது. எஞ்சின், ஏசி, ஃபேன் மாதிரி ஒரே சீரா உர்ர்ருனு ஓடற கனமான சத்தத்துக்கு இது பிரமாதம், பக்கத்து சீட்டுக்காரர் போன்ல குடும்பப் பிரச்சன பேசறதுக்கு அவ்ளோவா வேல செய்யாது. எம்ஐடி பேராசிரியர் அமர் போஸுக்கு 1978ல ஒரு விமானப் பயணத்துல, குடுத்த ஹெட்ஃபோன்ல எஞ்சின் எரைச்சல் தாண்டி ஒண்ணும் சரியா கேக்காம கடுப்பாகி வந்த ஐடியா இது, 1989லதான் பைலட்டுங்களுக்கான ஹெட்செட்டா வெளிய வந்துச்சு. ஆக பொறந்ததே எஞ்சின் சத்தத்துக்குத்தான்.

நாய்ஸ் கேன்சலிங்குக்கு காசு குடுக்கறதுல எனக்கு தெரிஞ்ச பெரிய லாபம் வேற. சுத்தி எரைச்சல் இருந்தா நம்ம கை தானா வால்யூம ஏத்திடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், கொழந்தைங்களுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் ஏத்தினா அந்த நேரம் பாதியாயிடும், 83க்கு 20 மணி நேரம், 86க்கு 10தான். பஸ் எரைச்சலுக்கு மேல பாட்டு கேக்கணும்னு நெனச்சா இதையெல்லாம் சுலபமா தாண்டிடுவோம். வெளி சத்தம் அடங்கிட்டா அதே பாட்ட பாதி வால்யூம்ல நிம்மதியா கேக்கலாம்.

வீட்ல தனியா உக்காந்து கேக்கறீங்கன்னா ஓப்பன்-பேக் ஹெட்ஃபோன் ஒண்ணு கேட்டுப் பாருங்க, பின்பக்கம் வலை மாதிரி தெறந்து இருக்கும், சத்தம் தலைக்குள்ள அடைஞ்ச மாதிரி இல்லாம காத்தோட்டமா இருக்கும். சென்ஹைசர் 1968ல எச்டி 414ன்னு ஆரம்பிச்சு வச்ச வகை. ஆனா நீங்க கேக்கறது பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கும், அவங்க பேசறது உங்களுக்கும் கேக்கும், பஸ்ல போட்டா ரெண்டு பேருக்கும் தலவலி. ரோட்ல நடக்கும்போதோ வண்டி நடமாட்டம் இருக்கற எடத்துலயோ காத அடைக்கற எதையும் போடாதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

ப்ளூடூத்தா ஒயரான்னு கேட்டா, சௌண்டுக்காக பயந்து ஒயர்லெஸ் வேணாம்னு சொல்லமாட்டேன். கோடெக், அதாவது ப்ளூடூத்ல பாட்ட சுருக்கி அனுப்பற முறை, அத பத்தின சண்ட இணையத்துல ஓயாது, எஸ்பிசின்ற முறைல செகண்டுக்கு 328 கிலோபிட்டுதான், எல்டாக் 990 வரைக்கும் போகும்னு. போகும்தான், ஆனா கூட்டமான எடத்துல சிக்னல் சரியில்லன்னா அதே எல்டாக் 330க்கு எறங்கிடும், ஐபோன்ல எல்டாக்கே கெடையாது, ஏஏசின்ற கோடெக்தான். டிப்பு சரியா உக்காராதவன் கோடெக் பாத்து வாங்கறது, ஓட்ட பானைக்கு கலர் பாத்து மூடி வாங்கற மாதிரி.

ஒயர்லெஸ்ல நெஜமாவே கடுப்பேத்தற விஷயம் ஒண்ணு இருக்கு, அத யாரும் பெட்டில எழுத மாட்டாங்க. லேப்டாப்ல கனெக்ட் பண்ணி மீட்டிங் பேசிட்டு, அப்டியே ஒரு பாட்ட போட்டேன், பழைய டெலிபோன் ரிசீவர்ல யாரோ பாடற மாதிரி வருது. புது ஹெட்ஃபோன் போச்சுன்னு ரெண்டு நாள் அழாத கொற. அப்பறம்தான் புரிஞ்சுது, மீட்டிங் ஆப் பின்னாடி தெறந்தே கெடந்து மைக்க புடிச்சு வச்சிருந்திருக்கு. ஹெட்ஃபோன் மைக் ஓடும்போது ப்ளூடூத் போன் பேசற மோடுக்கு மாறிடும், ஸ்டீரியோ போய் மோனோ ஆயிடும், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற கீச்சு சத்தமெல்லாம் வெட்டுப்பட்டுடும். மைக்குக்கு லேப்டாப்போட சொந்த மைக்க செட் பண்ணிட்டேன், பிரச்சன தீந்துச்சு. எல்இ ஆடியோன்னு புதுசா வர்ற ப்ளூடூத் முறைல இத சரி பண்ணிருக்காங்க, ஆனா ரெண்டு பக்கமும் அது இருந்தாத்தான்.

இன்னொண்ணு ஆயுசு. குட்டி இயர்பட்ஸ்ல இருக்கற பேட்டரி ரொம்ப சின்னது, தினமும் ஏத்தி எறக்கி ரெண்டு மூணு வருஷத்துல சோந்து போயிடும், பெரும்பாலும் தெறந்து மாத்தவும் முடியாது, ஒட்டி வச்சிருப்பாங்க. ஒயர் இயர்போன்ல மொதல்ல போறது ஜாக் பக்கத்துல இருக்கற ஒயர்தான், அதனால ஒயர கழட்டி மாத்தற மாதிரி இருக்கறத எடுங்க, ஒயர் போனா ஒயர் மட்டும் வாங்கிக்கலாம். காஸ் போர்ட்டா ப்ரோன்னு ஒரு ஹெட்ஃபோன் 1984ல வந்தது, நாப்பது வருஷம் தாண்டியும் கிட்டத்தட்ட அதே டிசைன்ல விக்கறாங்க, அதுக்கு மாத்து குஷனும் கெடைக்குது. நான் எந்த ஹெட்ஃபோன் பாத்தாலும் மொதல்ல தேடறது குஷன் தனியா கெடைக்குதான்னுதான்.

இப்ப உங்க ஃப்ரெண்டு சொன்ன பிளேயர் மேட்டர். 2016ல ஐபோன் 7 இயர்போன் ஜாக்க தூக்கினதுல இருந்து ஒவ்வொரு போனா தூக்கிட்டாங்க, அதனால ஒயர் மாட்டணும்னா ஒரு டாங்கிள், அதாவது போனோட சார்ஜர் ஓட்டைல சொருகற குட்டி அடாப்டர் வேணும். நல்ல டாங்கிள்குள்ளயே டாக்கும் குட்டி ஆம்ப்ளிஃபயரும் இருக்கு, 16, 32 ஓம் (மின் தடை அளவு) இருக்கற சாதா இயர்போனுக்கு அது தாராளம். ஒண்ணு மட்டும் கவனிங்க, சில மலிவு டாங்கிள்ல டாக்கே இருக்காது, வெறும் ஒயர்தான், அது சில போன்ல மட்டும்தான் வேல செய்யும். மத்தபடி 300 ஓம் மாதிரி கனமான ஹெட்ஃபோனோ, சென்சிட்டிவிட்டி கம்மியான, அதாவது அதே பவருக்கு கம்மியா சத்தம் குடுக்கற ப்ளேனார் (தட்டையான மெல்லிசு படலம் வச்ச) ஹெட்ஃபோனோ வாங்கினாத்தான் தனி ஆம்ப் பத்தி யோசிக்கணும், ஏன்னா டாங்கிள்ல ஃபுல் வால்யூம் வச்சும் சத்தம் பத்தாம போகலாம்.

எங்க மாமா பையன் ஒருத்தன் இருக்கான், கையில செங்கல் மாதிரி ஒரு பிளேயர் வச்சிருப்பான். "இதுல கேட்டாத்தான் பாட்டுக்கு உயிரே வருது"ம்பான். ஒருநாள் ஒரே இயர்போன், ஒரே பாட்டு, ஒரு தடவ என் போன் டாங்கிள்ல, ஒரு தடவ அவன் பிளேயர்ல, அவன திரும்பி உக்கார வச்சு மாத்தி மாத்தி குடுத்தேன். மொதல்ல எல்லா தடவையும் கரெக்டா சொன்னான், எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பறம்தான் பாத்தேன், அவன் பிளேயர் வால்யூம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. கொஞ்சம் சத்தமா கேட்டாலே நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் (மேல் கீச்சு சத்தம்) நெறஞ்ச மாதிரி தோணும், காதோட கொணம் அது. ரெண்டையும் முடிஞ்ச வரைக்கும் ஒரே அளவுக்கு கொண்டு வந்து மறுபடி கேட்டா, பத்துல அஞ்சு சரி, அஞ்சு தப்பு. மூஞ்சி தொங்கிப் போச்சு, ரெண்டு நாள் பேசல. பாவம்தான்.

அதுக்காக பிளேயரே வேணாம்னு இல்ல. போன தூர வச்சிட்டு நோட்டிஃபிகேஷன் தொல்லையில்லாம கேக்கணும், நெறைய ஃபைல் சேத்து வச்சிருக்கேன், போன் பேட்டரிய காலி பண்ணக்கூடாதுன்னு நெனச்சா சந்தோஷமா வாங்குங்க. ஆனா சிடிய விட நுணுக்கமா பதிஞ்ச பாட்டு ஓடும்னு சொல்ற ஹை-ரெஸ் ஸ்டிக்கருக்காக வாங்காதீங்க. சிடியோட 44.1 கிலோஹெர்ட்ஸே, அதாவது செகண்டுக்கு 44,100 தடவ சத்தத்த அளந்து பதியறதே, 22 கிலோஹெர்ட்ஸ் சத்தம் வரைக்கும் புடிச்சிடும், மனுஷ காதுக்கு எல்ல 20, வயசாக ஆக அதுவும் கொறையும். அதே மாதிரி பெட்டில "5 ஹெர்ட்ஸ் முதல் 40000 ஹெர்ட்ஸ்"னு போட்ருக்கறதும் ஒண்ணும் சொல்லாது, எந்த எடத்துல எவ்ளோ ஏறுது எவ்ளோ எறங்குதுன்னு தெரியாம அந்த நம்பர வச்சு என்ன பண்றது.

உங்க நெலமைல நான் இருந்தா இப்போதைக்கு ஒண்ணும் வாங்க மாட்டேன், அந்த பழைய இயர்போனுக்கு ரெண்டு மூணு சைஸ் டிப்ப மட்டும் மாட்டிப் பாப்பேன். அப்பவும் பேஸ் பத்தலன்னா போன்ல இருக்கற ஈக்வலைசர்ல (பேஸ், ட்ரெபிள தனித்தனியா ஏத்தி எறக்கற செட்டிங்) கீழ் பட்டைய ரெண்டு மூணு டெசிபல் ஏத்தி, மொத்த அளவ அதே மாதிரி எறக்கி வைப்பேன், இல்லன்னா கரகரன்னு ஒடையும். அதுவும் சரிப்படலன்னா பஸ்ஸுக்கு நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் ஒண்ணு, வீட்டுக்கு இதே ஒயர் இயர்போன். டிப்ப மாட்டிப் பாத்துட்டு எந்த காதுக்கு எந்த சைஸ் வந்துச்சுன்னு சொல்லுங்க, எனக்கு மட்டும்தான் ரெண்டு காதும் ரெண்டு சைஸான்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.