தூதர் பதவிக்கு இரண்டு வாசல்: கடலூர், புதுச்சேரி வாசகர் கேள்வி பதில்

நெய்வேலியிலிருந்து: அக்கா, விஜயலட்சுமி பண்டிட் எந்தத் தேர்வும் எழுதாமல் தூதரானாரே, நேருவின் தங்கை என்பதால்தானே?

அண்ணன் பிரதமர் என்பது உதவவில்லை என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். 1937-இலேயே ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) உள்ளாட்சி, பொதுச் சுகாதார அமைச்சர். சுதந்திரத்துக்கு முந்தைய இந்தியாவில் அமைச்சரான முதல் பெண். பிறகு சிறை. 1944-இல் கணவர் உயில் எழுதாமல் இறந்தார். மூன்று பெண் பிள்ளைகள், ஆண் வாரிசு இல்லை; அன்றைய இந்துச் சட்டத்தைக் காட்டிக் கணவரின் சகோதரர் சொத்துக்கு உரிமை கோரினார். 1946-இல் ஐ.நா.வில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கி, தென்னாப்பிரிக்கா இந்தியர்களை நடத்தும் விதத்துக்கு எதிரான தீர்மானத்தை 32-க்கு 15 என்று நிறைவேற்றவைத்தார். தூதர் பதவி வந்தது அதற்குப் பிறகுதான்: மாஸ்கோ (1947–49), வாஷிங்டன் (1949–51), லண்டன் (1954–61). நடுவே 1953-இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவரான முதல் பெண்.

எல்லா இடத்திலும் கொடி பறக்கவில்லை. மாஸ்கோவில் இருந்த காலம் முழுக்க ஸ்டாலின் அவரைச் சந்திக்கவே இல்லை. அடுத்துப் போன ராதாகிருஷ்ணனுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது.

அரசியல் வழி இன்றும் இருக்கிறது. ஐ.எஃப்.எஸ். என்ற இந்திய வெளியுறவுப் பணியில் இல்லாதவரையும் அரசு தூதராக்கலாம், தேர்வு கிடையாது. ஆனால் போகவேண்டிய நாட்டின் ஒப்புதலை முன்னதாகவே வாங்கியாக வேண்டும். 1961 வியன்னா உடன்படிக்கைப்படி, காரணம் சொல்லாமலே அந்த நாடு மறுக்கலாம்.

கடலூர் முதுநகரிலிருந்து: முத்தம்மா உச்ச நீதிமன்றத்தில் வழக்கை ஜெயித்தார் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே, சரியா மேடம்?

தீர்ப்பின் கடைசி வரியைப் படிக்காமல் எழுதுவதால் வரும் குழப்பம் இது. மனு தள்ளுபடிதான் ஆனது!

குடகில் பிறந்து சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா, 1949-இல் ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண். அன்று திருமணமானால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1961-இல் வந்த விதிகளும் அதே போக்கைச் சட்டமாக்கின. 8(2)-ஆம் விதி: பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு கருதினால் திருமணத்துக்குப் பின் ராஜினாமா செய்யச் சொல்லலாம். 18(4): திருமணமான பெண்ணுக்கு நியமனத்தை உரிமையாகக் கேட்க இடமில்லை. ஆண் அதிகாரிக்கு இப்படி ஒரு வரியும் இல்லை.

1970-இல் ஹங்கேரிக்குப் போய், பணி வழியில் தூதரான முதல் இந்தியப் பெண்ணானார். அதற்கு மேல் பதவி உயர்வு மறுக்கப்பட்டு, இளையவர்கள் முந்தியபோது வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு கொடுத்துவிட்டது. 18(4)-ஐ ஏற்கெனவே நீக்கிவிட்டோம், 8(2)-ஐயும் நீக்கப்போகிறோம் என்றும் சொன்னது. அதனால்தான் 1979 செப்டம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு மனுவைத் தள்ளியது. ஆனால் அந்த விதிகளின் பாரபட்சத்தைக் காரமாகக் கண்டித்ததோடு, இடைப்பட்ட மாதங்களில் போன பணிமூப்பை மறுபரிசீலனை செய்யவும் உத்தரவிட்டது. தள்ளுபடி ஆகியும் கேட்டதெல்லாம் கிடைத்த வழக்கு என்பேன். பின்னாளில் சோகிலா ஐயர் (2001), நிருபமா ராவ் (2009), சுஜாதா சிங் (2013) வெளியுறவுச் செயலர் ஆனார்கள்.

பண்ருட்டியிலிருந்து: ஐ.எஃப்.எஸ்.ஸுக்கான யு.பி.எஸ்.சி. தேர்வைத் தமிழில் எழுத முடியுமா அக்கா? எம்.பி.சி. சான்றிதழ் போதுமா?

போதாது. எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) என்பது மாநிலப் பிரிவு. மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி.க்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்ற உறுதியோடு வேண்டும். இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் விண்ணப்பியுங்கள். விண்ணப்பக் கடைசி நாளுக்குப் பிந்தைய தேதி விழுந்துவிட்டால் பொதுப்பிரிவில் தள்ளிவிடுவார்கள். அப்போது 35 வயது வரம்பு 32 ஆகும், 9 வாய்ப்பு 6 ஆகும். கையில் வாங்கிவைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திறப்பது நல்லது.

முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டும். அதில் சிசாட் என்ற திறனறித் தாளில் 200-க்கு 66 எடுக்காவிட்டால் பொது அறிவில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் விழுவது இதில்தான். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் கட்டாய ஆங்கிலத் தாளில் 300-க்கு 75 வரவேண்டும். தமிழ்த் தாளிலும் அப்படியே. முதல்நிலைக்குப் புதுச்சேரி மையம் உண்டு, இடம் நிரம்பினால் கிடைக்காது, சீக்கிரம் விண்ணப்பியுங்கள். முதன்மைத் தேர்வுக்குச் சென்னை போகவேண்டும். பணி விருப்ப வரிசையில் ஐ.எஃப்.எஸ். குறிக்காமல் விட்டால் நல்ல ரேங்க் வந்தும் அது கிடைக்காது.

முத்தியால்பேட்டையிலிருந்து: எங்கள் வீட்டில் சிலர் பிரெஞ்சுக் குடிமக்கள். நான் எழுதலாமா?

நீங்கள் இந்தியக் குடிமகளாக இருந்தால் எழுதலாம், உறவினர் குடியுரிமை தடையில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள முடிந்தது. ஒரே தெருவில் இரண்டு நாட்டுக் குடிமக்கள் இருப்பது அதனால்தான். நீங்களே பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையை வைத்து ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர முடியாது.

வில்லியனூரிலிருந்து: தூதருக்கும் ஹை கமிஷனருக்கும் என்ன வித்தியாசம்?

வேலை ஒன்றுதான். காமன்வெல்த் (பெரும்பாலும் முன்பு பிரிட்டன் ஆண்ட நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டுக்குப் போனால் ஹை கமிஷனர், மற்ற நாட்டுக்குப் போனால் தூதர்.

பாகூரிலிருந்து: நான் அரசியல் வழிதான். புதுச்சேரி வாக்காளர் கடலூரில் நிற்கலாமா?

மக்களவைக்கு நிற்கலாம், சட்டமன்றத்துக்கு முடியாது. அதற்குத் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். இரண்டுக்குமே வயது 25. டெபாசிட் மக்களவைக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000, எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்குப் பாதி. சுயேச்சை என்றால் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். தேர்தல் அதிகாரி சுட்டிக்காட்டியும் நிரப்பாமல் விட்டால் வேட்புமனு தள்ளுபடியாகிவிடும். மனு வாங்குவது காலை 11 முதல் மாலை 3 வரைதான், கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.