ஃபில்மோர் வீடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

‘த லாஸ்ட் பிளாக் மேன் இன் சான் பிரான்சிஸ்கோ’ (2019) படம் பற்றி வந்த கேள்விகளில் சில.

கே: அண்ணே, இன்னும் பார்க்கல. கதை என்ன?

ப: தாத்தா 1946-இல் தன் கையால் கட்டிய வீடு என்று நம்பும் ஒரு கறுப்பின இளைஞன். இப்போது அதில் குடியிருப்பது வெள்ளைக்காரத் தம்பதி. அவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் போய் ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வருவான்! நாயகனாகத் தன் பெயரிலேயே நடித்த ஜிம்மி ஃபெயில்ஸின் சொந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை. இயக்கியவர் அவருடைய பால்ய நண்பர் ஜோ டால்பட்.

கே: ஐடி கம்பெனிக்காரங்க வந்து வாடகை ஏறினதாலதானே கறுப்பினத்தவர் வீட்டை இழந்தாங்க?

ப: அது பின்னால் நடந்தது. கதையில் அந்த வீடு இருப்பது சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வட்டாரம். அங்கே நிறைய ஜப்பானிய வம்சாவளியினர் இருந்தார்கள். 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது, அரசு அவர்களை முகாம்களில் அடைத்தது. காலியான வீடுகளுக்குக் கப்பல்கட்டும் தள வேலைக்கு வந்த கறுப்பினத்தவர் குடிவந்தார்கள். ஜாஸ் கிளப்புகள் பெருகி, ‘மேற்கின் ஹார்லெம்’ என்றே பெயராயிற்று (ஹார்லெம் நியூயார்க்கின் புகழ்பெற்ற கறுப்பினப் பகுதி). அப்புறம் ‘பாழடைந்த பகுதி’ என்று முத்திரை குத்தி, 1950-களின் பிற்பகுதி தொடங்கி புல்டோசரை விட்டது நகர மறுசீரமைப்பு முகமை. திரும்பி வர முன்னுரிமைச் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பி வர வீடு இருக்க வேண்டாமா? பல மனைகள் வருஷக்கணக்காகக் காலியாகவே கிடந்தன. 1970-இல் நகர மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம் கறுப்பினத்தவர். 2020-இல் 5 சதவீதம் அளவில்தான்.

கே: தாத்தா கட்டலைன்னு தெரிஞ்சதும் படமே சப்புன்னு ஆகலையா?

ப: (பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.) எனக்கு அங்கேதான் படம் பிடித்தது. முகாமுக்குப் போன ஜப்பானியரின் வீட்டை எடுத்துக்கொள்ளாமல் தாத்தா தானே கட்டினார் என்பதுதான் அவன் சொல்லிவந்த கதை. பத்திரம் கையில் இல்லாதவனுக்கு உரிமை கேட்க அந்தக் கதையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதுவும் போனபிறகு அவன் முகத்தைப் பாருங்கள்.

கே: ஆரம்பத்துல பாதுகாப்பு உடையோட வர்றவங்க யாரு?

ப: துப்புரவு ஆட்கள். இடம் அதே நகரின் இன்னொரு பகுதியான பேவியூ-ஹண்டர்ஸ் பாயின்ட். அங்கே கடற்படையின் கதிரியக்க ஆய்வுக்கூடம் இருந்தது, மண்ணில் நச்சு. ஜிம்மி இப்போது தங்கியிருப்பது அந்தப் பக்கம்தான்.

கே: இதே மாதிரி வேற படம்?

ப: ஸ்பைக் லீயின் ‘டூ த ரைட் திங்’ (1989). புரூக்ளினில் வீடு வாங்கிக் குடிவந்த வெள்ளைக்காரர் ஒருவர், அங்கேயே இருக்கும் கறுப்பின இளைஞன் ஒருவனின் புது ஷூவைச் சைக்கிளால் அழுக்காக்கிவிடுவார். சிரிப்புக் காட்சிதான், ஆனாலும் சண்டை ஷூவுக்காக இல்லை. பேரி ஜென்கின்ஸின் ‘மெடிசின் ஃபார் மெலன்கலி’யும் (2008) பாருங்கள், அதே சான் பிரான்சிஸ்கோ.

கே: அடுத்த மாசம் அங்க போறேன். அந்த வீடு ஃபில்மோர்ல எந்தப் பக்கம்?

ப: ஃபில்மோரில் தேடாதீர்கள். கதையில்தான் ஃபில்மோர், படமெடுத்த வீடு அதே நகரின் மிஷன் வட்டாரத்தில் இருக்கிறது. உள்ளே ஆள் குடியிருப்பார்கள், ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள்.