என்.பி.டி.இ தேர்வுக்குக் கல்லூரிப் பாடத்தை எப்படித் திரும்பப் படிப்பது?

சகோதரி, உங்கள் கேள்வி இது: தமிழ்நாட்டில் பி.பி.டி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு, கணவரின் வேலை காரணமாக அமெரிக்கா வந்திருக்கிறீர்கள். பட்டச் சரிபார்ப்பு முடிந்து, மாநில வாரியம் என்.பி.டி.இ என்ற பிசியோதெரபி உரிமத் தேர்வை எழுத அனுமதியும் கொடுத்துவிட்டது. கையில் மூன்று மாதம் இருக்கிறது. “நாலரை வருடம் படித்ததையே திரும்பப் புரட்டினால் போதுமா? எங்கே தொடங்குவது?”

பாடம் அதேதான். படிக்கிற முறையைத்தான் மாற்ற வேண்டும். நம் பல்கலைக்கழகத் தேர்வில் “ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா, சிறுகுறிப்பு வரைக” என்று வரும். தெரிந்ததையெல்லாம் எழுதினால் மதிப்பெண் விழும். இங்கே பல கேள்விகளில் நோயின் பெயரே இருக்காது. ஒரு நோயாளி, அவரிடம் தெரிகிற நான்கு அறிகுறிகள், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் ஏதோ ஒரு கட்டத்தில் செய்யக்கூடியவையாகவே இருக்கும். அதனால் படிக்கிற ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் “அப்படியென்றால் நான் என்ன செய்வேன், எதை நிறுத்துவேன்” என்று ஒரு வரி எழுதிக்கொண்டே போங்கள்.

மேலே சொன்ன ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியாவையே எடுத்துக்கொள்வோம். தண்டுவடம் அடிபட்டவருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும் நிலை அது. தண்டுவடம் டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர் பாயில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவக்கிறது, வியர்க்கிறது, நாடி குறைகிறது. உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கத்தான் கை போகும். இங்கே அதைச் செய்தால் ஆபத்து, ஏனென்றால் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடையையும் வயிற்றுப் பட்டையையும் தளர்த்த வேண்டும். பிறகு கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடையிடையே அழுத்தத்தை அளந்துகொண்டே மருத்துவ உதவிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். இவர்களுக்குச் சாதாரணமாகவே மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகவே 140 என்ற எண் மற்றவருக்குக் கொஞ்சம் அதிகம், இவருக்கு அவசரநிலை. வழக்கமான அளவைவிட 20 முதல் 40 ஏறினாலே சந்தேகப்பட வேண்டும். அதே நோயாளி டில்ட் டேபிளில் (படுத்தவரை மெல்ல நிமிர்த்தும் மேசை) நிற்கும்போது முகம் வெளுத்து, மயக்கம் வருவதாகச் சொன்னால் அது ஆர்த்தோஸ்டாட்டிக் ஹைப்போடென்ஷன், அதாவது நிமிர்ந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிவிடுவது. அப்போது மேசையைச் சாய்த்துத் தலையைத் தாழ்த்த வேண்டும். இப்படி எதிரெதிர் சிகிச்சை உள்ள இரட்டைகளைச் சேர்த்தே படியுங்கள். தேர்வில் கேள்வி அமைவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இப்போது தேர்வின் அமைப்பு. 2024 முதல் 225 கேள்விகள், 45 வீதம் ஐந்து பிரிவு, மொத்தம் ஐந்து மணி நேரம். அதாவது கேள்விக்கு 80 விநாடி. 225இல் 180க்குத்தான் மதிப்பெண். மீதி 45 சோதனைக் கேள்விகள், எவை என்று கண்டுபிடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு பிரிவை முடித்துக் கொடுத்துவிட்டால் அதற்குத் திரும்பிப் போக முடியாது. 200 முதல் 800 வரையான அளவுகோலில் 600 வந்தால் தேர்ச்சி. 600 என்பதைச் சதவீதமாக மாற்றிப் பார்க்காதீர்கள். தசை-எலும்பு, நரம்பு, இதயம்-நுரையீரல் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும்.

இந்த மூன்றில் நம்மூர் மாணவர்கள் தடுமாறுவது இதயம்-நுரையீரலில். ஆகவே முதல் மூன்று வாரத்தை அதற்குக் கொடுங்கள். எண்களை அவற்றின் காரணத்தோடு படிக்க வேண்டும். நாடித் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிடுகிறவருக்கு உழைப்புக்கு ஏற்ப நாடி ஏறாது, அதனால் இலக்கு நாடித் துடிப்பு என்ற கணக்கே பயன்படாது. போர்க் அளவுகோலில் 11 முதல் 13 என்று அவர் உணரும் சிரமத்தை வைத்து நடத்த வேண்டும். பயிற்சியின் கடுமை கூடும்போது மேல் அழுத்தம் ஏறத்தான் வேண்டும். ஏறாமல் 10க்கு மேல் இறங்கினால் இதயம் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள், நிறுத்துங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனால் சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்து 15 கிராம் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 250க்கு மேல் இருந்து கீட்டோனும் (கொழுப்பு எரிவதால் ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) இருந்தால் அன்று பயிற்சி கிடையாது, ஏனென்றால் உழைப்பு கீட்டோனை இன்னும் கூட்டும்.

நுரையீரலில் ஒலிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நிற்காது. நிமோனியாவில் நுரையீரல் கெட்டிப்பட்டிருப்பதையும் ப்ளூரல் எஃப்யூஷனையும் (நுரையீரலைச் சுற்றி நீர் சேர்வது) அருகருகே வையுங்கள். இரண்டிலும் தட்டினால் மந்த ஒலிதான். ஆனால் கெட்டிப்பட்ட நுரையீரல் அதிர்வை நன்றாகக் கடத்தும், ஃப்ரெமிட்டஸ் (பேசும்போது மார்பில் கைக்குத் தெரியும் அதிர்வு) கூடும். நடுவில் நீர் நின்றால் அதிர்வு தடைபட்டுக் குறையும். எஃப்யூஷன் பெரிதானால் மூச்சுக்குழாயை எதிர்ப்பக்கம் தள்ளும், நுரையீரல் சுருங்கிய அட்டெலெக்டாசிஸ் தன் பக்கம் இழுக்கும். இந்தக் காரணம் பிடிபட்டால் அட்டவணை தேவையில்லை.

கால் புண்ணுக்கும் இதே வழி. சிரைப் புண் பெரும்பாலும் உள் கணுக்கால் பக்கம், நீர் வடியும், வீக்கம் இருக்கும், காலைத் தூக்கினால் ஆறுதல். தமனிப் புண் விரல்நுனியில் அல்லது வெளிக் கணுக்காலில், வறண்டு வெளுத்து, தூக்கினால் வலி கூடும். கட்டுப் போடுவதற்கு முன் கணுக்கால்-கை அழுத்த விகிதம் பார்க்க வேண்டும். 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி அடைப்பு. 0.5க்குக் கீழே இருந்தால் அழுத்தக் கட்டு போடவே கூடாது. 1.4க்கு மேல் வந்தால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். நீண்டநாள் சர்க்கரை நோயில் தமனி கெட்டிப்பட்டு அமுங்காமல் போவதால் வரும் பொய்யான எண் அது.

நரம்பில் தண்டுவட மட்டங்களை அவை தரும் திறமையோடு படியுங்கள். கழுத்துப் பகுதி மட்டங்களில் சி5 முழங்கை மடக்கல், சி6 மணிக்கட்டு நிமிர்த்தல், சி7 முழங்கை நீட்டல். சி6 நோயாளி மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் தானாக மடங்கி ஒரு பிடி கிடைக்கிறது. அதைக் காப்பாற்ற விரல் மடக்கும் தசைகள் கொஞ்சம் இறுகியிருக்க வேண்டும். மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தி இழுத்துப் பயிற்சி கொடுத்தால் அந்தப் பிடி போய்விடும். இறுகியதை எல்லாம் இழுத்துவிடும் பழக்கம் உள்ளவர் இங்கே தப்பான விடையைத் தேர்ந்தெடுப்பார். பக்கவாதத்தில் முகமும் கையும் காலைவிட அதிகம் பாதித்தால் நடுப் பெருமூளைத் தமனி, கால் அதிகம் என்றால் முன் தமனி.

தசை-எலும்பு உங்கள் பலம், அதில் நாட்களைக் கரைக்க வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இங்கே எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் மருத்துவர் சீட்டு இல்லாமலே நோயாளி நேராகப் பிசியோதெரபிஸ்டிடம் வரலாம். அதனால் இது உங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய வலியா, உடனே வேறிடம் அனுப்ப வேண்டியதா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். இடுப்பு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் வராமல் நின்றால் அவசரப் பிரிவு. அறுவைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் பயிற்சி இல்லை. “மருத்துவரைக் கேளுங்கள்” என்ற விடையை எல்லாக் கேள்விக்கும் போடாதீர்கள். உங்களால் முடிவெடுக்கக்கூடிய இடத்தில் நீங்களே முடிவெடுக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள்.

மின்சிகிச்சையை நாம் வருடக்கணக்கில் படித்தோம், இங்கே அதற்குப் பங்கு சிறியது. எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதும், அல்ட்ராசவுண்டில் 1 மெகாஹெர்ட்ஸ் ஆழத்துக்கு, 3 மெகாஹெர்ட்ஸ் மேல்தட்டுக்கு என்பது போன்ற அடிப்படைகளும் போதும்.

நம் பாடத்தில் அறவே இல்லாத பகுதி ஒன்று உண்டு, யாருக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம் என்பது. உரிமம் பெற்ற பிசியோதெரபி உதவியாளர் உங்கள் திட்டத்துக்குள் நின்று பயிற்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். முதல் மதிப்பீடு, திட்டத்தை மாற்றுவது, சிகிச்சையை முடித்து அனுப்புவது மூன்றும் உங்களுடையவை. எய்டு என்கிற பணியாளருக்குத் தொழில்திறன் தேவைப்படும் எதையும் தரக்கூடாது. இரண்டு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும் பகுதி, விட்டுவிடாதீர்கள். கூடவே அங்குலம், பவுண்டு, ஃபாரன்ஹீட் பழகுங்கள். சக்கரநாற்காலிச் சாய்தளத்தில் ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் 12 அங்குல நீளம் வேண்டும், வாசல் குறைந்தது 32 அங்குல அகலம் வேண்டும்.

புத்தகம் ஒன்று போதும். அதோடு தேர்வை நடத்தும் எஃப்.எஸ்.பி.பி.டி கூட்டமைப்பே விற்கும் ‘பீட்’ மாதிரித் தேர்வை எடுங்கள், ஒன்றைப் பாதி வழியிலும் இன்னொன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பும். ஐந்து மணி நேரமும் ஒரே இருப்பில் எழுதுங்கள். நான்காவது பிரிவில் கவனம் சிதறுவது அப்படி எழுதினால்தான் தெரியும். பிறகு தப்பான கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, சரியாக வாசிக்காதது, கடைசி இரண்டு விடைகளுக்குள் மாறிப்போனது. மூன்றாவதுதான் அதிகம் இருக்கும். அதற்கு மருந்து, நீங்கள் போட்ட விடை எந்த நோயாளிக்கு, எந்தச் சூழலில் சரியாகியிருக்கும் என்று எழுதிப் பார்ப்பது. இதில் செலவிடும் நேரம் புதிதாக நூறு கேள்வி போடுவதைவிட அதிகம் பலன் தரும்.

தயாராகவில்லை என்று மாதிரித் தேர்வு சொன்னால் தள்ளிப்போடத் தயங்காதீர்கள். தேர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் நடக்கிறது. 12 மாதத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறைதான் எழுதலாம். 400 அல்லது அதற்குக் கீழே இரண்டு முறை வந்தால் அத்தோடு வாசல் அடைபடும்.

கடைசியாக, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் “போன தடவை வந்த கேள்விகள்” என்று யாராவது அனுப்புவார்கள். திறக்காமல் குழுவை விட்டு வெளியேறுங்கள். இப்படிக் கேள்விகள் கைமாறிய காரணத்தால் 2010இல் இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து நாட்டுக் கல்லூரிகளில் படித்த அத்தனை பேருக்கும் கூட்டமைப்பு தேர்வை நிறுத்திவைத்தது. எந்தத் தப்பும் செய்யாதவர்களும் காத்துக் கிடந்தார்கள், பிறகு அவர்களுக்கென்று தனித் தேர்வே வைக்கப்பட்டது. தேர்வு முடிந்து வெளியே வந்த பிறகு “என்னக்கா வந்துச்சு” என்று தோழிகள் ஆசையாய்க் கேட்டாலும் ஒரு கேள்வியைக்கூடச் சொல்லாதீர்கள். எந்தப் பாடத்தை எப்படிப் படித்தீர்கள் என்று எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்.