பேங்ஸி கண்காட்சிக்கு டிக்கெட் எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பேங்ஸி, அடையாளத்தை மறைத்துத் தெருச் சுவர்களில் வரையும் பிரிட்டிஷ் ஓவியர். ஊர் ஊராகச் சுற்றும் பேங்ஸி கண்காட்சிகளில் பெரும்பாலானவை அவர் அனுமதி இல்லாமல் நடப்பவை. அவரே நடத்தியவை மிகக் குறைவு. 2023இல் கிளாஸ்கோ நவீனக் கலைக்கூடத்தில் நடந்த 'கட் அண்ட் ரன்' அப்படிப்பட்டது. அவர் வெட்டிய ஸ்டென்சில்களையே, அதாவது சுவரில் வைத்து மேலே வண்ணம் தெளிக்கும் வெட்டு அட்டைகளையே, அங்கே வைத்திருந்தார்கள். கைப்பேசியைப் பூட்டிய பையில் போட்டால்தான் உள்ளே விட்டார்கள்.

அனுமதி இல்லாத கண்காட்சிக்குப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் விவரத்தில் 'மறு உருவாக்கம்' என்று இருந்தால், நீங்கள் பார்க்கப்போவது நகல். 'தனியார் சேகரிப்பு' என்று இருந்தால் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது துணித்திரை வழியே மை அழுத்தி எடுத்த அச்சுப் பிரதி. கீழ் ஓரத்தில் பென்சிலில் 214/600 (600 பிரதிகளில் 214ஆவது) போல எண் எழுதியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அவருடைய 'பலூன் சிறுமி' படத்தின் அச்சுப் பதிப்பில் கையெழுத்துடன் 150, கையெழுத்தின்றி 600 அச்சிடப்பட்டன.

சுவரோடு பெயர்த்தெடுத்த ஓவியங்கள்தான் சிக்கல். பேங்ஸி படைப்புகளுக்குச் சான்று தரும் பெஸ்ட் கன்ட்ரோல் அமைப்பு, தெருவில் வரைந்தவற்றுக்குச் சான்று தருவதில்லை. தெருவுக்காக வரைந்ததை இடம் மாற்றினால் அதன் பொருளில் பாதி போய்விடும். பக்கத்தில் பழைய இடத்தின் புகைப்படம் இருந்தால், முதலில் அதைப் பாருங்கள்.